வலப்பக்க மாத்திரை

என் வேலை வண்ணம் அடிப்பது. சுவருக்கு அல்ல, மூளைக்கு. என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். அதற்கு மேல் கேட்டால் விளக்குவேன். விளக்கும்போது கொட்டாவி விட்டால் கோபப்படுவேன். மூளையை ஸ்கேன் எடுத்த படங்கள் எங்களுக்கு வரும். ஒரு தலைக்கு நூற்றெண்பது படம், ரொட்டியைத் துண்டு போட்டது போல. அவற்றை ஒவ்வொன்றாகத் திரையில் தள்ளிக்கொண்டே போய், கட்டி இருக்கும் இடத்தில் சிவப்பு, அதைச் சுற்றி வீங்கிய இடத்தில் மஞ்சள் என்று மவுஸால் பூச வேண்டும். நாங்கள் பூசியதைப் பார்த்துப் பார்த்து ஒரு கணினி தானாகவே கட்டியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்கிறதாம். அது கற்று முடித்த மறுநாள் நம் இருவருக்கும் டாட்டாதான் என்று ரேடியோ தினமும் சொல்வான்.

ரேடியோ என்பது என் பக்கத்து மேசைக்காரன். வாயை மூடவே மாட்டான் என்பதால் அந்தப் பெயர். எங்கள் அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஜன்னல் திரையைப் பகலிலும் இழுத்தே வைத்திருப்போம். இருட்டு, குளிர், ரேடியோவின் பேச்சு. இந்த மூன்றையும் நான் ஆறு வருடமாகச் சகித்துக்கொண்டிருக்கிறேன்.

படங்களுக்குப் பெயர் இருக்காது, வயது இருக்காது, எடுத்த தேதி இருக்காது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு எண் மட்டும் போட்டு அனுப்புவார்கள். யாருடைய படம் என்று தேட முயலமாட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தேடும் ஆசையும் எனக்கு வந்ததில்லை. எனக்கு அவை தலைகள், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்கு முன் நாலு, பின் நாலு.

கோப்புகள் இரண்டு வகை. ஆஸ்பத்திரியிலிருந்து வருபவை நோயாளிகளுடையவை. வேறொரு ஆராய்ச்சி மையத்திலிருந்து வருபவை நல்லவர்களுடையவை. நல்லவர்கள் என்றால் ஒரு நோயும் இல்லாமல், ஆராய்ச்சிக்காகத் தாங்களாகவே வந்து படுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள். நோயுள்ள மூளையோடு ஒப்பிட நோயில்லாத மூளையும் வேண்டுமல்லவா? அவர்களுடைய கோப்பு எங்களிடம் வந்து ஆறு மாதம் ஆகிறது. எதை முதலில் பார்ப்பது என்று எங்கள் பிரிவின் தலைவரான டாக்டரம்மா கேட்டபோது, "நல்ல மூளை எங்க மேடம் ஓடிடப் போவுது? அது கெடக்கட்டும்" என்று சொன்னது நான்தான். இது என் வாயிலிருந்து வந்த வார்த்தை. இதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

அந்தத் திங்கட்கிழமைதான் நல்லவர்கள் கோப்பை முதன்முதலாகத் திறந்தோம். அன்றைக்குத்தான் புது மென்பொருளும் வந்திருந்தது. பழையதற்கு உரிமக் காலம் முடிந்துவிட்டது. பழையதில் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்ய வரும். புதியதில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. நிறுவிய பொறியாளரை மனதுக்குள் நாலு வாங்கு வாங்கிவிட்டு ஆரம்பித்தேன்.

நல்ல மூளையைப் போல அலுப்பான ஒன்று கிடையாது. பூச ஒன்றும் இருக்காது. தள்ளிக்கொண்டே போய், சுத்தம் என்று குறித்துவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டியதுதான். பதினோரு மணிக்குள் முப்பது தலைகளை முடித்துவிட்டேன். முப்பத்தொன்றாவதைத் திறந்தேன். ரேடியோ தன் மாமியாரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் ஊம் கொட்டிக்கொண்டே தள்ளினேன். தொண்ணூறாவது படத்துக்குப் பக்கத்தில் கை பழக்கத்தில் நின்றது, பழக்கத்தில் சிவப்பை எடுத்தது, பழக்கத்தில் பூச ஆரம்பித்தது.

பாதிக்கு மேல் பூசிய பிறகுதான் எந்தக் கோப்பில் இருக்கிறோம் என்பது உறைத்தது.

"டேய், வாய மூடு" என்றேன்.

"என்னக்கா, கதைல இப்பதான் சூடு புடிக்குது."

"வாய மூடிட்டு இங்க வா."

அவன் வந்து பார்த்தான். நான் அறிந்தவரையில் ரேடியோ பேசாமல் நின்ற முதல் தருணம் அதுதான். நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பகுதியில், எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. மூளையை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோடு நேராக இருக்க வேண்டும். நெரிசலான பேருந்தில் ஒரு தடியர் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் ஒதுங்குவாரே, அப்படி அந்தக் கோடு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது.

"கோப்பு மாறி வந்திருக்கும்" என்றான் ரேடியோ.

மாறி வரவில்லை. சரிபார்த்தேன். இந்த ஆள் நல்லவர்தான். எந்த நோயும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்தவர்.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் மூளை நரம்பு மருத்துவர். எதற்கும் அசராதவர். டீக் கோப்பையோடு வந்தவர், படத்தைப் பார்த்துக்கொண்டே கோப்பையை வைக்க இடம் தேடி, என் விசைப்பலகையின் மேலேயே வைத்தார்.

"இது நல்லவங்க கோப்பா?"

"ஆமா மேடம்."

"அப்போ இவருக்குத் தெரியாது."

எனக்குக் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் புரிந்தது. அந்த மையத்தில் படம் எடுப்பவர்கள் மருத்துவர்கள் இல்லை. படங்களை அங்கே யாரும் பார்ப்பதும் இல்லை. எடுத்து, பெயரை அழித்து, எங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்களிடம் வந்து ஆறு மாதம் சும்மா கிடந்திருக்கிறது. இந்தத் தலைக்கு உரியவர் இந்த நிமிடம் எங்கேயோ சாலையைக் கடந்துகொண்டோ, வண்டி ஓட்டிக்கொண்டோ இருக்கிறார். அவருக்கு இப்படி ஒன்று இருப்பது உலகத்தில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டரம்மா என் மேசையிலிருந்தே அந்த மையத்துக்குப் போன் போட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முப்பத்தொண்ணாம் நம்பர். ஆமா. பேரு வேணும், இல்ல போன் நம்பராவது குடுங்க. ரொம்ப அவசரம்... என்னது? எப்போ?... போன மாசமா?... பேப்பர் காப்பி கூடவா இல்ல? விதியா? யாருங்க போட்டாங்க இந்த விதிய?"

போனை வைத்தார். எந்த எண் யாருடையது என்ற பட்டியலைப் போன மாதம்தான் அழித்தார்களாம். தனிமனித ரகசியத்தைக் காப்பதற்காக, நாள் தவறாமல் அழித்திருக்கிறார்கள். வேறு எதிலும் இல்லாத ஒழுங்கு இதில் மட்டும் எங்கிருந்து வந்ததோ.

"இப்போ என்ன மேடம் பண்றது?" என்றான் ரேடியோ.

"தெரியல" என்றார் டாக்டரம்மா. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. "கட்டி ஓரத்துல இருக்கு. எடுத்துடலாம். எடுத்தா ஆள் பழையபடி ஆயிடுவாரு. ஆனா நடுக்கோடு இவ்வளவு தள்ளியிருக்கு. இது ஆறு மாசம் முந்தின படம் வேற. இன்னும் வளர்ந்திருந்தா..." சொல்லி முடிக்கவில்லை. "முப்பரிமாணத்துல போட்டு அளவெடுத்து வைங்க. நான் இயக்குனர்கிட்ட பேசிட்டு வரேன். அந்த மையத்துக்கு வந்து போனவங்க எல்லாருக்கும் அறிவிப்பு கொடுக்க முடியுமான்னு பாக்கறேன்."

அவர் போனார். ரேடியோ மூவருக்கும் டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். போகும்போது, "முப்பரிமாணத்துக்குக் கீழ ஒரு பட்டை இருக்கும் பாருங்கக்கா. அதை இழுத்தா மண்டையோடு கழண்டு மூளை தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனான். பழைய மென்பொருளில் இந்த வசதி கிடையாது. துண்டு துண்டாகப் பார்த்தே பழகிய எனக்கு முழுத் தலையைப் பார்ப்பது புதிது. பட்டையைப் பிடித்து இழுத்தேன். தவறான பக்கம் இழுத்துவிட்டேன்.

மண்டையோடு கழலவில்லை. அதன் மேல் சதை ஏறியது. பிறகு தோல். முதலில் மூக்கு வந்தது, அப்புறம் உதடு, மோவாய், மூடிய கண்கள். முடியில்லாமல், நிறமில்லாமல், களிமண்ணில் பிடித்துவைத்தது போல ஒரு ஆணின் முகம் என்னைப் பார்க்க நின்றது. பெயரை அழித்தவர்கள் முகத்தை அழிக்க மறந்திருக்கிறார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் மோதியது.

அது என் தம்பியின் முகம்.

அவன் முகத்தை நான் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் அப்பா இறந்த அன்றைக்குக் கடைசியாகப் பார்த்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், அப்பா போய்விட்டார் என்று செவிலியர் வந்து சொன்னபோது, தம்பி சிரித்தான். வாய்விட்டு, தோள் குலுங்க. "அப்பாடா, ஒரு தொல்லை விட்டுச்சு" என்றான். அப்பா படுக்கையில் கிடந்த நாலு வருடமும் அவரைக் குளிப்பாட்டி, நகம் வெட்டிவிட்டு, பக்கத்திலேயே படுத்தவன் அவன். அவன் வாயிலிருந்து அந்தச் சொல். நான் அத்தனை பேர் முன்னால் அவனை ஓங்கி அறைந்தேன். "இனிமே என் மூஞ்சிலயே முழிக்காதே" என்றேன். அறை வாங்கியும் அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அன்றைக்கே அவன் எண்ணை என் போனில் தடைசெய்தேன். அவன் மனைவி கூப்பிட்டால் எடுப்பேன். அவன் பேச்சை எடுத்தால் வைத்துவிடுவேன். ஓரிரு முறைக்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை.

இப்போது அந்த முகம் என் திரையில், கண்ணை மூடிக்கொண்டு.

இல்லை, இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். உலகத்தில் ஒரே சாயலில் எத்தனையோ பேர். காதைப் பார், காதைப் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு நாலு வயது இருக்கும்போது முடிதிருத்துகிறேன் என்று அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, அப்பாவின் கத்தரிக்கோலால் அவன் இடது காதின் மேல் ஓரத்தைச் சேர்த்து வெட்டிவிட்டேன். எலி கடித்த பிஸ்கட் போல இன்றைக்கும் ஒரு குறை அங்கே இருக்கும். கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று அம்மாவிடம் சொன்னான், நாலு வயதில், என்னைக் காட்டிக்கொடுக்காமல்.

முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காதில் குறை இருந்தது. ஆனால் வலது காதில். எதிரே நிற்பவரின் இடது காது நமக்கு வலப்பக்கமாக இருக்கும்; பதற்றத்தில் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று என் கையைத் தூக்கிவைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். சந்தேகமே இல்லை, வலது காதுதான். அது மட்டுமல்ல, மறுபக்கம் இடது காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டில், மொச்சைக் கொட்டை அளவுக்கு ஒரு மரு புடைத்துக்கொண்டு இருந்தது. என் தம்பிக்கு அங்கே மரு கிடையாது. ஒரு மண்ணும் கிடையாது.

போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்புக்கூட வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்தேன். குடிக்கும்போதுதான் வெட்கமாக இருந்தது. இவரும் யாரோ ஒருத்தியின் தம்பிதானே. அவளுக்கு மட்டும் இது நடக்கலாமா? ஆனாலும், உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து நிமிடம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ரேடியோ டீயோடு வந்தான். திரையைப் பார்த்ததும், "ஐயோ, மூஞ்சியே வருதா! இது தெரிஞ்சா நம்ம எல்லாருக்கும் வேலை போயிடும்" என்றான். பிறகு குனிந்து பார்த்தான். "ஆமா, மாத்திரை ஏன் இந்தப் பக்கம் இருக்கு?"

"எந்த மாத்திரை?"

"இதோ." மருவின் மேல் விரலை வைத்தான்.

"அது மருடா."

"மருவா? உங்களுக்கு ஆஸ்பத்திரிப் படம் பாத்தே பழக்கம். இது மீன் எண்ணெய் மாத்திரைக்கா. நான் இங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் அந்த மையத்துலதானே இருந்தேன், நானே எத்தனை பேருக்கு ஒட்டியிருக்கேன்! மூளை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்ல, எது வலது எது இடதுன்னு பின்னாடி குழப்பம் வரும். அதனால வலது பொட்டுல ஒரு மாத்திரைய பிளாஸ்திரி போட்டு ஒட்டிடுவோம். எண்ணெய் ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியும்."

"வலதுலயா?"

"வலதுலதான். எல்லாருக்கும்."

"சில பேருக்கு இடது பக்கம் ஒட்டியிருக்க மாட்டாங்களா? கை தவறி?"

"மாத்திரை தப்பாவே இருக்காது. ரெண்டு பேர் பாத்துக் கையெழுத்துப் போட்டாதான் ஆளையே உள்ள விடுவாங்க." அவன் திரையில் அந்தப் படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தான். "படம்தான் பொரண்டு கெடக்கு. பேரை அழிக்கும்போது பக்கம் எதுன்னு இருந்த குறிப்பையும் சேத்து அழிச்சிருக்காங்க. புது மென்பொருள் அதுவா ஒரு பக்கத்தை வெச்சுக்கிட்டு, கண்ணாடில தெரியற மாதிரி காட்டுது. இருங்க, திருப்பிடறேன்."

"வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவன் திருப்பிவிட்டான். ஒரே ஒரு சொடுக்கு. மாத்திரை வலது பொட்டுக்குப் போனது. காதின் குறை இடது காதுக்கு வந்தது. கண்ணாடிப் பிம்பமாக இருந்தபோது சாயல் மட்டும் காட்டிய முகம், திருப்பியதும் அச்சு அசலாக என் தம்பியாக ஆனது. ஒரு பக்கம் லேசாக இறங்கிய உதடு உட்பட.

என்னக்கா, என்னக்கா என்று ரேடியோ கேட்டுக்கொண்டே இருந்தான். அந்தக் கட்டிக்குச் சிவப்புப் பூசியது நான். மாமியார் கதைக்கு ஊம் கொட்டிக்கொண்டு, ஓரம் பிசகாமல், சீராகப் பூசியிருந்தேன்.

"என் தம்பிடா" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினான்.

டாக்டரம்மா வந்ததும் முதலில் நான் உளறியது அந்தத் தாளைப் பற்றி. யாரென்று தேடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தேடவில்லை, பட்டையைத் தவறாக இழுத்துவிட்டேன், அவ்வளவுதான் என்று. அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அந்தத் தாள நான் பாத்துக்கறேன். உங்க தம்பி கொஞ்ச நாளா எப்படி இருக்காரு? குணம் மாறியிருக்கா? சம்பந்தமில்லாம சிரிக்கிறது, பேசக்கூடாததப் பேசறது, எதுலயும் அக்கறை இல்லாம இருக்கறது? கட்டி இருக்கற இடம் அப்படி. நெத்திக்குப் பின்னாடிதான் நம்ம அடக்கம் ஒடுக்கம் எல்லாம் இருக்கு. அங்க அழுத்தினா வாய்க்குக் காவல் போயிடும்."

ஆறு வருடமாக இந்த இடத்துக்குச் சிவப்புப் பூசுகிறேன். நெற்றிக்குப் பின்னால் கட்டி வந்தவர்கள் என்னென்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் விருந்தாளிகளிடம் கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். என் தம்பி சிரித்தபோது மட்டும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. கைதான் ஓங்கியது.

"போய் கூட்டிட்டு வாங்க. இன்னைக்கே. நான் படுக்கை சொல்லி வைக்கறேன்" என்றார்.

வாடகை வண்டியில் ஏறி உட்கார்ந்து அவன் எண்ணின் தடையை நீக்கினேன். கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். அதுவும் அடித்து நின்றது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் வண்டி நிற்க, சாலையைக் கடப்பவர்களை எல்லாம் பார்த்தேன். அத்தனை நெற்றிகளும் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வேகத்தைக் கூட்டினார்.

மூன்றாவது மாடி. அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஆனால் அவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லி முன்பெல்லாம் அவனை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். அவன் மனைவி திறந்தாள். எட்டு மாதத்தில் எட்டு வயது கூடியவள் போல இருந்தாள்.

"அண்ணி?" என்றாள். நம்ப முடியாமல் என் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள்.

"எங்க அவன்?"

"உள்ளதான் இருக்காரு. வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. கருவிப் பெட்டிய லிஃப்ட் மேலயே வெச்சுட்டு வந்துட்டாராம், ரெண்டு தடவை. எதை முறுக்கினாலும் மூணு தடவை சரிபாக்கற மனுஷன், அண்ணி. இப்போ அடுப்புல பால் பொங்கி ஊத்தினாக்கூடப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. நான் என்ன கேட்டாலும் சிரிக்கிறாரு. அப்புறம் அவரே போய் அழறாரு. யார்கிட்ட சொல்றது?" அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அவன் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, ஒரு டப்பா நிறைய இருந்த திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். பிரித்த குவியல்களில் பெரியதும் சிறியதும் கலந்தே கிடந்தன. பக்கத்தில் போன் குப்புறக் கிடந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கேட்டான்.

"பாத்துட்டியா அக்கா?"

"எதை?"

"என் படத்தை. ஆறு மாசம் ஆச்சே."

"நீ... வேணும்னுதான் போய் எடுத்தியா?"

"ஆமா. அப்பா செத்தன்னைக்கு நான் ஏன் சிரிச்சேன்னு எனக்கே தெரியலக்கா. உள்ள அழுகைதான் இருந்துச்சு. வெளிய சிரிப்பு வந்துச்சு. நிறுத்தப் பாத்தேன், நிக்கல. நீ அடிச்சப்போ, நல்லவேளை அடிச்சுட்டே, இப்பவாவது நிக்கும்னு நெனச்சேன், அப்பவும் நிக்கல. டாக்டர்கிட்ட போய் சிரிப்பு வருதுன்னா சொல்ல முடியும்? உனக்குக் கூப்பிட்டுப் பாத்தேன், போகல. அப்போதான் அந்த மையத்துல ஆள் வேணும்னு பலகை பாத்தேன். படமெல்லாம் எங்க போவும்னு கேட்டேன். உன் இடத்தைத்தான் சொன்னாங்க."

அவன் ஒரு திருகாணியை எடுத்துத் தவறான குவியலில் வைத்தான்.

"ஒரு நோயும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் படுத்தேன். தலைல ஏதாவது இருந்தா உன் கண்ணுக்குத் தப்பாது. பட்டுச்சுன்னா எவ்வளவு கோவம் இருந்தாலும் ஓடி வந்துடுவ, எனக்குத் தெரியும். பேரே இல்லாட்டியும் என் தலை உனக்குத் தெரிஞ்சுடும்னு நெனச்சேன். ஒரு வாரம் பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். நீ வரல. அப்போ தலைல ஒண்ணும் இல்லன்னு புரிஞ்சுது. நோய் இல்லன்னா அப்புறம் அது நான்தானே? அப்பா செத்ததுக்குச் சிரிக்கிற ஆளு. அப்படியே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்."

நல்ல மூளை எங்கே ஓடிவிடப் போகிறது என்று நான் சொன்னது, அந்த இருட்டறை, அதைச் சொல்லிவிட்டு நான் நோயாளிகள் கோப்பைத் திறந்தது எல்லாம் கண் முன்னால் வந்தது. ஆறு மாதம் என் மேசைக்கு ஒரு கை தூரத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறான், நான் வருவேன் என்று.

அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். திருகாணிகள் முழங்காலில் குத்தின.

"இருக்குடா" என்றேன். "நெத்திக்குப் பின்னாடி, இவ்வளவு பெருசு. இன்னைக்குத்தான் பாத்தேன். ஆறு மாசமா நான் தொறக்கவே இல்ல, அதான் வரல. எடுத்துடலாமாம், டாக்டரம்மா படுக்கை சொல்லி வெச்சிருக்காங்க. சட்டையப் போடு, போலாம்."

கதவருகே நின்ற அவன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவன் என்னையே பார்த்தான்.

"அப்போ அன்னைக்குச் சிரிச்சது..."

"நீ இல்ல."

அவன் முகம் கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தேன். சிரித்தான். வாய்விட்டு, தோள் குலுங்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் சிரித்த அதே சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. சிரித்தபடியே, அன்று போல அடிப்பேன் என்று நினைத்தானோ என்னவோ, கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டான்.

நான் அந்தக் கையை விலக்கி, அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். என் வலது கைக்கு அவன் இடது காதின் அந்தக் குறை தட்டுப்பட்டது. சிரிப்பு நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவன் சட்டையை நான்தான் மாட்டிவிட்டேன்.